பாடும் பெண்ணுக்குத் துணை நிற்போம்

தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தை முதன்முதலில் கேட்கும் பாட்டு ஒரு பெண் பாடுவது. இறந்தவரை வழியனுப்பும் பாட்டும் ஒரு பெண் பாடுவதே. முன்னது தாலாட்டு; பின்னது ஒப்பாரி. இவ்விரண்டுக்கும் இடையில் நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு, நலங்குப் பாட்டு என்று அவள் பாடாத வேளை இல்லை. ஆயினும் ஒரு பெண், "பாட்டுத்தான் எனக்குத் தொழில்; என் மனத்தில் பட்டதை நானே பாடுவேன்" என்று சொல்லிவிட்டால் வீடும் ஊரும் திகைத்து நிற்கின்றன. வீட்டிற்குள் பாடினால் குணவதி. மேடையேறிப் பாடினால் வாயாடி. இது என்ன நியாயம் என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இந்த ஆண்டுமலர் வழியாகக் கேட்க விரும்புகிறோம்.

தன் காலில் நிற்கும் பெண் இசைக் கலைஞர் என்று நாங்கள் சொல்வது யாரை? பெரிய நிறுவனமோ புகழ்பெற்ற குடும்பமோ பின்னால் இல்லாமல், தன் குரலையும் கருவியையும் மட்டும் நம்பி, எதைப் பாடுவது என்று தானே முடிவு செய்பவரை. அப்படிப்பட்ட பெண்கள் பாடும்போது பெரும்பாலும் தமக்காக மட்டும் பாடுவதில்லை. மற்றப் பெண்களுக்கு மறுக்கப்பட்டது என்னவோ, அதையும் சேர்த்தே பாடுகிறார்கள். ஆகவே அவர்களுக்குத் துணை நிற்பதும் பெண்ணுரிமைக்குத் துணை நிற்பதும் ஒன்றே என்பது எங்கள் கருத்து.

இது நம் திருச்சபைக்குப் புதிய செய்தி அன்று. செங்கடலைக் கடந்தபின் கஞ்சிராவைக் கையில் எடுத்துப் பெண்களை முன்நடத்திச் சென்றவர் மிரியாம். நாள்தோறும் மாலைச் செபத்தில் நாம் பாடும் அன்னை மரியாவின் பாடலை எண்ணிப் பாருங்கள். நாசரேத்து என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஓர் இளம்பெண் பாடிய பாட்டு அது. அதில் தாலாட்டின் இனிமை மட்டுமா இருக்கிறது? தாழ்ந்தோர் உயர்வதும், பசித்தோர் நிறைவடைவதும், வலியோர் தங்கள் இருக்கையை இழப்பதும் அதில் உண்டு. நவம்பர் 22ஆம் நாள் நாம் கொண்டாடும் இசையின் பாதுகாவலி புனித செசிலியாவும் ஒரு பெண்ணே.

அருட்சகோதரிகள் மகிழும் இன்னொரு வரலாறும் உண்டு. ஜெர்மனி நாட்டில் ஒரு துறவற மடத்தின் தலைவியாக விளங்கியவர் புனித ஹில்டகார்ட் (1098–1179). தாமே இசையமைத்துத் தம் மடத்துச் சகோதரிகளைப் பாடவைத்தவர். 1178ஆம் ஆண்டில், அடக்கம் செய்யப்பட்ட ஒருவரைப் பற்றி எழுந்த வழக்கால், அந்த மடத்தில் இனி எவரும் பாடக்கூடாது என்று மாயின்ஸ் நகரத்து மேலிடத்தார் தடை விதித்தனர். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ எண்பது. அவர் கீழ்ப்படிந்தார், ஆனால் வாளாவிருக்கவில்லை. இசையின் மேன்மையை எடுத்துக்கூறி நீண்ட கடிதம் எழுதினார். மறு ஆண்டில் தடை நீங்கியது. அதே ஆண்டில் அவர் இறைவனடி சேர்ந்தார். 2012ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். பாடும் உரிமைக்காகப் பணிவோடும் உறுதியோடும் வாதாடிய ஒரு துறவியை மறைவல்லுநர் என்று போற்றும் திருச்சபையின் பிள்ளைகள் நாம்.

இனி நம் தமிழ்நாட்டிற்கு வருவோம். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் ஆராதனை ஆண்டுதோறும் சிறப்பாக நடைபெறுவதை யாவரும் அறிவோம். அந்தச் சமாதி பாழடைந்து கிடந்த காலம் ஒன்று உண்டு. தாம் பாடிச் சம்பாதித்த பொருளைக் கொண்டு அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). 1921இல் தொடங்கிய பணி 1925இல் குடமுழுக்கோடு நிறைவேறியது. ஆனால் அவர் கட்டிய அந்த இடத்திலேயே, ஆராதனையின்போது பெண்கள் பாட இடம் தரப்படவில்லை! பணம் கொடுக்கும் கை வேண்டும். பாடும் வாய் வேண்டாம் என்பதுபோல் இருந்தது அந்த ஏற்பாடு. அவர் அழுதுகொண்டு வீடு திரும்பினாரா? இல்லை. 1927ஆம் ஆண்டில் பெண்களை ஒன்றுசேர்த்துத் தனியே ஆராதனை நடத்தத் தொடங்கிவிட்டார். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்குள் பிரிந்து நின்ற எல்லாப் பிரிவினரும் ஒன்றாயினர். பெண்களும் ஆண்களும் ஒரே இடத்தில் பாடினர். இன்று திருவையாற்றில் பாடும் ஒவ்வொரு சிறுமியும் அந்த அம்மையாருக்குக் கடன்பட்டவள்.

அவருக்குப் பின் வந்தவர் டி.கே. பட்டம்மாள் (1919–2009). கச்சேரியில் மிகக் கடினமான பகுதி ராகம் தானம் பல்லவி. கணக்கு மிகுந்த அப்பகுதி ஆண்களுக்கே உரியது என்று கருதப்பட்ட நாளில், அதை மேடையில் பாடிக் காட்டிப் 'பல்லவி பட்டம்மாள்' என்று பெயர் பெற்றார். நாட்டு விடுதலைக்காகப் பாரதியாரின் பாடல்களையும் பாடினார். கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் தம் கணீர்க் குரலால் காங்கிரஸ் மேடைகளில் விடுதலையைப் பாடியவர். பின்னர் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராகவும் அமர்ந்தார். பாட்டு ஒரு பெண்ணைச் சட்டமன்றம் வரை அழைத்துச் சென்றது என்றால் மிகையாகாது.

"அதுதான் பெண்கள் பாடத் தொடங்கிவிட்டார்களே, இன்னும் என்ன குறை?" என்று சிலர் கேட்கலாம். வாய்ப்பாட்டில் கதவு திறந்தது உண்மைதான். தோல் கருவியில் அது பாதிதான் திறந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே புதுக்கோட்டைத் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கம் வாசித்தார். அதன்பின் பல காலம் கழித்து, மயிலாடுதுறையில் பிறந்த சுகன்யா ராம்கோபால் சென்னையில் கடம் கற்க முன்வந்தார். கடம் கனத்த மண்பானை; பெண்ணின் விரலுக்கு அது ஒவ்வாது என்று தயக்கம் எழுந்தது. முடியும் என்று நம்பிக் கற்றுக்கொடுத்தவர் ஆசான் ஹரிஹர சர்மா. கற்று முடித்த பின்னும், பெண் ஒருத்தி பக்கத்தில் அமர்ந்து கடம் வாசித்தால் தாம் மிருதங்கம் வாசிக்க முடியாது என்று மறுத்த வித்துவான்கள் இருந்தனர். அவர் சோர்ந்துவிடவில்லை. 1995ஆம் ஆண்டில் பெண்களே வாசிக்கும் 'ஸ்த்ரீ தாள் தரங்' என்னும் குழுவைத் தொடங்கினார். 2014ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருது அவரைத் தேடி வந்தது.

இங்கே எங்கள் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. நமது பள்ளி விளையாட்டு விழாவில் பேண்டு வாத்தியக் குழு அணிவகுத்து வரும்போது பெரிய டிரம்மைத் தோளில் மாட்டி அடிப்பவர் யார்? ஒரு மாணவி. பெற்றோர் அனைவரும் கைதட்டுகிறார்கள். "ஐயோ, பெண்பிள்ளை டிரம் அடிக்கிறாளே" என்று எவரும் முகம் சுளிப்பதில்லை. அதே பிள்ளை வீட்டிற்கு வந்து, "அம்மா, நான் பறை கற்றுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் என்ன விடை கிடைக்கும்? டிரம்முக்கும் பறைக்கும் தோல் ஒன்றே, கைவலியும் ஒன்றே. ஒன்று வெள்ளைச் சீருடையோடு வருகிறது. மற்றொன்று சேரியிலிருந்து வருகிறது. வேறுபாடு அவ்வளவுதான். அப்படியானால் தடுப்பது பெண்மையா, சாதியா? இரண்டும் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன என்பதே எங்கள் எண்ணம்.

இந்தக் கேள்விக்குச் செயலால் விடை தந்தவர்கள் அருட்சகோதரிகளே என்பதில் எங்களுக்குப் பெருமை. சாவு வீட்டிற்கு மட்டும் உரியது, தாழ்ந்தது என்று ஒதுக்கப்பட்டிருந்த பறையைத் திண்டுக்கல்லில் ஏழைத் தலித் பெண்பிள்ளைகளின் கையில் கொடுத்தவர் சிஸ்டர் சந்திரா. அவர் 1990ஆம் ஆண்டளவில் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையடித்து ஆடுகிறார்கள். படிப்பைப் பாதியில் விட்டுத் தலைகுனிந்து வந்த பெண், காலை அகல ஊன்றி நின்று பறையை அடிக்கும்போது அவளுடைய முதுகு நிமிர்கிறது. அதன்பிறகு கூலியைப் பற்றியும், வரதட்சணையைப் பற்றியும், பெண்சிசுக் கொலையைப் பற்றியும் அவள் ஊர் நடுவே பேசுகிறாள். முதலில் ஓசை, பிறகு பேச்சு. இசை பெண்ணுரிமைக்கு எப்படி உதவும் என்று கேட்போருக்கு இதைவிட நல்ல விடை இருக்க முடியாது.

வெகுதூரம் போவானேன்? காட்டுப்பள்ளியிலிருந்து எண்ணூர், திருவொற்றியூர் வழியாகத் தெற்கே போனால் இராயபுரம். அந்த இராயபுரத்தில் வளர்ந்தவர் கானா பாடகி இசைவாணி. கானா என்பது வடசென்னைத் துறைமுகத் தொழிலாளரும் கைவண்டிக்காரரும் மீனவரும் வாழும் தெருக்களில் பிறந்த பாட்டு. இறந்தவர் வீட்டில் இரவு முழுவதும் கண்விழித்துப் பாடுவது அதன் பழைய வழக்கம். இதில் ஒரு விந்தையைக் காண்கிறோம். அதே சாவு வீட்டில் உள்ளே பெண்கள் ஒப்பாரி பாடுகிறார்கள். வெளியே பந்தலில் ஆண்கள் கானா பாடுகிறார்கள். வெளியே பாடுபவர் கலைஞர். அவருக்குப் பெயர் உண்டு, பணம் உண்டு. உள்ளே பாடுபவரும் அந்த நேரத்திலேயே சொல்லைக் கட்டி, ராகத்தில் வைத்துத்தான் பாடுகிறார். ஆனால் அவரை 'அழுகிற பெண்' என்று மட்டுமே சொல்கிறோம்!

இசைவாணி அந்த வாசற்படியைத் தாண்டி வெளியே வந்தார். 2018ஆம் ஆண்டு ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னையில் முதன்முறையாக மேடையேறியபோது, அத்தனை ஆண்களுக்கு நடுவே பெண் குரலாக ஒலித்தது அவருடைய குரல். 2020ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் உலகெங்கும் தேர்ந்தெடுத்த நூறு பெண்களில் ஒருவராக அவரும் இடம்பெற்றார். அவரைப் பார்த்து வேறு சில பெண்களும் கானா பாட வந்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பாதையில் முள்ளும் உண்டு. பெண்களின் வழிபாட்டுரிமை பற்றிய ஒரு பாட்டைக் காரணமாகக் காட்டி, 2024ஆம் ஆண்டில் அவருக்குத் தொலைபேசியிலும் இணையத்திலும் மிரட்டல்கள் வந்தன. பாட்டின் கருத்து எல்லாருக்கும் உடன்பாடாக இருக்க வேண்டும் என்பதில்லை. பிறர் சமயத்தை மதிக்க வேண்டும் என்றே நாம் கற்றிருக்கிறோம். பிடிக்காதவர்கள் மறுத்துப் பேசலாம், எழுதலாம், மறுபாட்டே பாடலாம். ஆனால் கருத்துக்குக் கருத்தால் விடை சொல்லாமல், பாடியவள் பெண் என்பதற்காக அவளை இழிசொல்லால் ஏசுவது மறுப்பு ஆகுமா? ஆண் பாடினால் பாட்டைக் குறை சொல்கிறார்கள். பெண் பாடினால் பெண்ணையே குறை சொல்கிறார்கள். இந்த வேறுபாடு மறையும் வரை உரிமை வந்துவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

பாட்டினால் காரியம் ஆகுமா என்று ஐயுறுவோர்க்கு மற்றொரு சான்று. கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவுப் புகார் எழுந்ததால் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டது. வேலை செய்து நோயுற்ற தொழிலாளர் பதினான்கு ஆண்டுகள் நியாயம் கேட்டு அலைந்தனர். 2015ஆம் ஆண்டு ஜூலையில் சோபியா அஷ்ரப் என்னும் சென்னை இளம்பெண் அதைப் பற்றி ஒரு ராப் பாட்டுப் பாடி வெளியிட்டார். பல இலட்சம் பேர் கேட்டனர். உலகமே திரும்பிப் பார்த்தது. 2016ஆம் ஆண்டு மார்ச்சில் அந்த நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. ஒரே பாட்டு எல்லாவற்றையும் சாதித்தது என்று நாங்கள் கூறவில்லை. பதினான்கு ஆண்டு உழைப்பு தொழிலாளருடையது. அந்த உழைப்பை உலகின் காதில் போட்டது பாட்டு. இரண்டும் வேண்டும்.

இதை எங்கள் கரையோடு சேர்த்து எண்ணிப் பார்க்கிறோம். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் பெண்கள் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, மார்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். சுற்றிலும் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணெய் கலந்து அந்த நீர் கறுத்தது. தூய நீர் பெண்ணுரிமை இல்லையா? நீரில் நின்று பிழைப்பவளுக்கு அதுவே முதல் உரிமை. எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாடியவர் டி.எம். கிருஷ்ணா. நல்ல பாட்டு, நன்றியோடு கேட்கிறோம். ஆனால் பறியைக் கவ்விய அந்த வாய் ஒருநாள் பறியை இறக்கி வைத்துவிட்டுத் தன் பாட்டைத் தானே பாட வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

பெற்றோர் சொல்லும் தடைகளை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். "பாட்டு சோறு போடுமா?" என்கிறார்கள். பாடுபவருக்குப் பொன்னாடை போர்த்தி, பஸ் செலவுகூடக் கொடுக்காமல் அனுப்பினால் எப்படிச் சோறு போடும்? குறை பாட்டில் இல்லை. நம் மனத்தில் இருக்கிறது. "இரவில் தனியே வர வேண்டுமே, யாரை நம்புவது?" என்கிறார்கள். இது உண்மையான கவலை. இதை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. 2018ஆம் ஆண்டில் பாடகி சின்மயி முதலான பெண்கள், இசையுலகிலும் திரையுலகிலும் நேரும் பாலியல் தொல்லைகளைத் துணிந்து வெளியில் சொன்னார்கள். அவ்வாண்டு டிசம்பர் இசை விழாவில் புகாருக்கு உள்ளான ஏழு கலைஞர்களைச் சென்னை மியூசிக் அகாதெமி சேர்த்துக்கொள்ளவில்லை. பணியிடத்தில் பெண்களைக் காக்க 2013ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. மேடையும் ஒரு பணியிடம்தானே? தொல்லை தருபவனை வீட்டிற்கு அனுப்புவதா, பாடுபவளை வீட்டில் பூட்டுவதா? பெற்றோரே, நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாவது தடை சொல்லப்படாத தடை. பெண் பார்க்க வரும் நாளில், "பிள்ளை நன்றாகப் பாடுவாள்" என்று சொல்லி ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறார்கள். திருமணம் முடிந்தபின் அந்தப் பாட்டு எங்கே போகிறது? ஆலயப் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்த எத்தனையோ அக்காமார், இன்று குழந்தையைத் தூங்கவைக்கக்கூடப் பாடுவதற்கு நேரமின்றி இருப்பதை நாங்கள் காண்கிறோம். அவர்களைப் பாடாதே என்று எவரும் தடுக்கவில்லை. பாடு என்று எவரும் சொல்லவுமில்லை.

ஆகையால் எங்கள் வேண்டுகோள் இவை. முதலாவதாக, நமது பள்ளி விழாக்களில் பேண்டு வாத்தியத்தோடு பறைக்கும் ஓர் இடம் தரப்பட வேண்டும். கற்பிக்க ஒரு பெண் கலைஞரையே அழைக்க வேண்டும். அவருக்கு உரிய ஊதியத்தையும் கொடுக்க வேண்டும். இரண்டாவதாக, மாணவியர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தம் பாட்டியிடம் ஒரு தாலாட்டோ ஒப்பாரியோ கேட்டு எழுதிவர வேண்டும். பாட்டின் கீழே 'பாடியவர்' என்று பாட்டியின் பெயரை எழுத வேண்டும். பெயரில்லாமல் பாடிய தலைமுறைக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே. மூன்றாவதாக, குழந்தைத் திருமணத்தைப் பற்றியும் பெண்கல்வியைப் பற்றியும் நாமே பாட்டுக்கட்டிக் குப்பங்களில் பாட வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அறிவிப்புப் பலகையில் பத்து முறை பார்த்தாலும் மறந்துவிடும். பாட்டில் ஒருமுறை கேட்டால் மறக்காது. நான்காவதாக, பெற்றோர் தம் மகளை மட்டுமல்லாமல் மருமகளையும் பாடவிட வேண்டும்.

இவை பெரிய காரியங்கள் அல்ல, பெருஞ்செலவும் இல்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். பறையும் அப்படித்தான்; அடித்தால்தான் ஒலிக்கும்.

அன்புத் தோழியரே! இவ்வாண்டு நாம் பொதுத் தேர்வு எழுதிப் பிரிந்து செல்கிறோம். சிலர் மேல்வகுப்புக்கும், சிலர் வேலைக்கும், சிலர் வேறு ஊருக்கும் போவோம். போகுமிடத்தில் ஒரு பெண் பாடுவதைக் கண்டால் சற்று நின்று கேளுங்கள். அவளுக்கு உரிய கூலி கிடைத்ததா என்று பாருங்கள். எவனாவது ஏளனம் செய்தால் அவள் பக்கம் போய் நில்லுங்கள். நம்மால் பாட முடியாவிட்டாலும், பாடுபவளைத் தனியே விடாமல் இருக்க முடியுமல்லவா?

பத்தாம் வகுப்பு மாணவி